மச்சானின் கம்பெனி

மச்சான் கேமராவைக் குழாயடியில் கழுவுவார். பாத்திரம் கழுவுவது போல நிதானமாக, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து. தனுஷ்கோடியில் கல்யாண ஜோடிகளைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது ராமேஸ்வரத்தில் ஒரு டீக்கடை ஓரம் காரை நிறுத்தச் சொல்லி, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து அதன் அடியில் கேமராவைக் காட்டுவார். காருக்குள் இருக்கும் மாப்பிள்ளை பதறி இறங்கி வருவார். "அண்ணே, உள்ள தண்ணி போயிரும்ணே." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மச்சான் அங்கே நிறுத்துவதே. "போகாது தம்பி. மத்த கம்பெனி கேமராவுக்கு ஒரு தூறல் பட்டாப் போதும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். நம்ம கம்பெனி அப்படி இல்ல. மணலு, மழை, உப்புக்காத்து எதுக்கும் அசையாது" என்பார். பிறகு சட்டை நுனியில் துடைத்து, அந்த மாப்பிள்ளையையே டீ கிளாசோடு ஒரு படம் எடுத்துக் காட்டுவார். படம் நன்றாகத்தான் இருக்கும். அதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

அவர் என் ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளை. ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் போகும் வழியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பெயர் வேண்டாம். போட்டால் ராத்தா வருத்தப்படுவாள். அவர் வருத்தப்பட மாட்டார். இப்படி எழுதியிருக்கிறேன் என்று யாராவது போய்ச் சொன்னால், கம்பெனி பெயரைப் போட்டிருக்கிறாளா என்றுதான் கேட்பார். அதையும் போடப் போவதில்லை.

"நம்ம கம்பெனி" என்று அவர் பேசுவதை முதல் தடவை கேட்கிறவர்கள் அவர் அங்கே சம்பளத்துக்கு இருக்கிறார் என்று நினைப்பார்கள். ஜப்பானில் இருக்கும் கம்பெனி அது. ஊரெல்லாம் வைத்திருக்கும் கேமராக்களைச் செய்கிற பெரிய கம்பெனிகள் வேறு. இது சின்னது. ராமநாதபுரம் ஜில்லாவில் அந்த கேமரா வைத்திருந்தது மச்சான் ஒருவர், அவர் வாங்கிக் கொடுத்ததால் நான் ஒருத்தி. ஒரு மூடி தொலைந்தால்கூட சென்னையிலிருந்து வரவேண்டும். சென்னையில் இல்லை என்றால் எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. மற்ற போட்டோகிராபர்கள் ஆளுக்கு ஆள் லென்ஸ் கடன் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் லென்ஸ் யாருடைய கேமராவிலும் மாட்டாது, யாருடையதும் எங்களுடையதில் மாட்டாது. அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

பிறகு எல்லோரும் மிரர்லெஸ் வாங்க ஆரம்பித்தார்கள். கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியை எடுத்துவிட்ட புது வகை அது. கனம் குறைவு, 'டக்' என்ற சத்தமும் இல்லை. பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. மச்சானின் கம்பெனி மட்டும் நாங்கள் கண்ணாடியை விடமாட்டோம் என்று சொன்னது. அன்றைக்கு அவர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாதுஷா கொடுத்தார். "கண்ணாடி வழியாப் பாக்குறதுதான் புள்ள நெசம். அவங்க பாக்குறது டிவி. டிவி பாக்குறதுக்கா நாம கேமரா தூக்கிட்டு அலையிறோம்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அவர் பேசினால் யாருக்கும் சரியென்றுதான் படும்.

விடமாட்டோம் என்று சொன்ன கம்பெனி புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. ஒரு வருஷம் போனது, இன்னொன்றும் போனது. அந்தக் கம்பெனிக்காரர்கள் எங்கே பேட்டி கொடுத்தாலும் மச்சான் அதைப் போனில் தமிழுக்கு மாற்றிப் படிப்பார். போன் தருகிற தமிழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 'தற்சமயம் புதிய மாடலைக் குறித்து அறிவிக்க எதுவும் இல்லை' என்று ஒரு மேனேஜர் சொல்லியிருந்தார். படித்துக் காட்டிவிட்டு, "பாத்தியா? இல்லைன்னு சொல்லல. தற்சமயம் இல்லைங்கிறான். அப்ப வேலை நடக்குது" என்றார். வரப்போகும் லென்ஸ்களைக் காட்டி கம்பெனி ஒரு படம் வெளியிட்டிருந்தது. அதில் ஒரு லென்ஸுக்குப் பெயர்கூட இல்லை, வெறும் முட்டை வடிவம். அந்த முட்டையை மச்சான் இரண்டு வருஷம் அடைகாத்தார். மூன்றாவது வருஷப் படத்தில் அந்த முட்டை இல்லை. நான்தான் முதலில் பார்த்துச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "எடுத்துட்டாங்கன்னா அத விடப் பெருசா ஏதோ செய்யிறாங்க" என்றார்.

ராத்தா அடுப்படியில் இருந்து, "என்னயப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு உத்துப் பாக்கல" என்றாள். அவர் சிரித்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் உம்மாவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது வாரக்கணக்கில் வராந்தா தரையில் படுத்துக் கிடந்தவர் அவர்தான். உம்மா பிழைக்காது என்று டாக்டரே கை விரித்த பிறகும், "முடியாதுன்னு வாய் விட்டுச் சொல்லல பாரு" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உம்மா பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து அந்த வீட்டில் அவரை எதிர்த்துப் பேச ஆளில்லை.

நான் அந்தத் தொழிலுக்கு வந்தது கீழக்கரைக் கல்யாணங்களால். எங்கள் வீடுகளில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் வரமுடியாது. சொந்தக்காரப் பெண்களும் போனில் படம் எடுக்கக் கூடாது. போனில் எடுத்த படம் யார் கையில் போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் பெண்கள் பக்கத்து வாசலில் ஒரு பெரிய ஓலைக்கொட்டான் இருக்கும். வருகிற பெண்களெல்லாம் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே போகிற ஒரே கேமரா என்னுடையது. கல்யாணம் முடிந்ததும் கார்டைக் கழற்றிப் பெண்ணின் உம்மா கையில் வைத்துவிட வேண்டும். என்னிடம் ஒரு படம்கூட மிஞ்சக் கூடாது. ஆல்பம் போடுவதும் அந்த வீட்டுக்கே போய், அவர்கள் கம்ப்யூட்டரிலேயே.

அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கத்தாரில் இருந்தார். வீட்டில் நான் இன்னாருடைய பெண்டாட்டி, இன்னாருடைய மருமகள். அந்தக் கல்யாண வீடுகளில் மட்டும் என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் போய் நின்றால்தான் பெண்ணுக்குத் தலையில் பூ வைப்பார்கள். என்னை நம்பி முக்காட்டை எடுத்துவிட்டுச் சிரிப்பார்கள். ஒரு வீட்டில் நடந்தது அடுத்த வீட்டில் என் வாயிலிருந்து வராது. அதற்காகவே நிக்காஹ் தேதி வைக்கும் முன் என்னைக் கேட்ட வீடுகள் உண்டு.

எனக்கும் ஒரு மிரர்லெஸ் வேண்டும் என்று மச்சானிடம் கேட்டேன். துவா ஓதும்போது என் கேமரா 'டக்' 'டக்' என்று அடிக்க, பெரிய பொம்பளைங்க திரும்பிப் பார்க்கிறார்கள் என்றேன். "வேற கம்பெனிக்குப் போனா நம்ம லென்ஸ் எல்லாம் வீணாப் போயிரும் புள்ள. கொஞ்சம் பொறு. நம்ம கம்பெனிலயே சத்தமில்லாமக் கொண்டு வருவான்" என்றார். மாற்றுக்கு இன்னொரு கேமராவாவது வேண்டும் என்று கேட்டேன். "இப்ப வாங்கிட்டு, அடுத்த மாசமே புது மாடல் வந்தா என்ன செய்யிறது?" என்றார். அந்த அடுத்த மாசம் வந்துகொண்டே இருந்தது. ஸ்டுடியோ அவருடையது, கல்யாணங்களைப் பேசி முடிப்பதும் அவர். நான் ஒற்றைக் கேமராவோடு போய்வந்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணின் சாச்சா ஸ்டுடியோவுக்கு வந்தார். சாச்சா என்றால் பெண்ணுடைய வாப்பாவின் தம்பி. வாப்பா சவூதியில், தம்மாமில் இருந்தார். முதலாளி லீவு தரவில்லை. மகளின் கல்யாணத்தையே அவர் படத்தில்தான் பார்க்கப் போகிறார். அதனால் சாச்சாவுக்கு ஒரு கவலை. மேசை மேல் இருந்த என் கேமராவைப் பார்த்து, "பழசா இருக்கும் போலயே. தாங்குமா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. மச்சான் எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, சாச்சாவின் கண் முன்னால் என் கேமராவின் மேல் ஊற்றினார். சாச்சா அசந்துபோனார். மச்சான் அதைத் துடைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினார். "நாளைக்கு நீங்க நிம்மதியாப் பிரியாணியப் பாருங்க" என்று தோளில் தட்டி அனுப்பினார்.

தண்ணீர் புகாமல் இருக்க அந்தக் கேமராவின் மூட்டுகளில் ரப்பர் வைத்திருப்பார்கள். ரப்பருக்கும் வயசாகும். வயசான ரப்பரை மாற்ற ஆளும் இல்லை, ரப்பரும் இல்லை. அன்று சாயங்காலம் கேமராவின் தலையில் இருக்கும் சின்னத் திரையில் ஆவி படிந்திருந்ததைக் காட்டினேன். "அரிசி டப்பாக்குள்ள போட்டு வை. காலையில சரியாயிரும்" என்றார். போட்டு வைத்தேன். காலையில் சரியாகத்தான் இருந்தது.

பெண்ணை அலங்கரிக்கும்போது வேலை செய்தது. மருதாணிக் கையை எடுத்தேன், பெண்ணும் அதன் உம்மாவும் கன்னத்தோடு கன்னம் வைத்திருந்ததை எடுத்தேன். ஆண்கள் பக்கம் நிக்காஹ் முடிந்தது, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் உள்ளே வந்தார்கள். எங்களில் தாலிக்குப் பதிலாகக் கட்டும் கருகமணியை மாப்பிள்ளையின் ராத்தா கையில் எடுத்தார். நான் அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன். திரையே செத்துப்போயிருந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், கார்டைக் கழற்றி மாட்டினேன். கருகமணி கட்ட விடாமல் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார்கள். எல்லாப் பெண்களும் என்னையே பார்த்தார்கள்.

ஒரு போனையாவது கொட்டானிலிருந்து எடுங்கள் என்றேன். மாப்பிள்ளையின் உம்மா முகத்தைச் சுளித்து, "போன்ல வேணாம்மா. எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல" என்றார். சம்பந்தி சொன்ன பிறகு பெண்ணின் உம்மா என்ன பேசமுடியும்? சாச்சாவின் மனைவிதான் என் காதில், "எங்க வீட்டுக்காரரு துபாய்ல இருந்து மகனுக்கு ஒரு கேமரா கொண்டு வந்திருக்காரு. பையில வச்சிருக்காரு. அதுல எடுப்பியா?" என்றது. எடுப்பேன், எதுவானாலும் எடுப்பேன், கார்டைக் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கேமராவில் எடுப்பதற்குச் சம்பந்தியும் தலையாட்டினார். சாச்சாவின் மனைவி வாசல் திரைக்குப் பின்னால் போய் நின்று புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னது. நாங்கள் காத்திருந்தோம். கேமரா வரவில்லை. சரியாகிவிடுமாம், பொறுக்கச் சொல்கிறார்கள் என்ற பதில்தான் வந்தது. இதற்கு மேல் பொறுக்க முடியாது, நேரம் போகிறது என்று கருகமணியைக் கட்டிவிட்டார்கள். குலவை போட்டார்கள். நான் செத்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றேன்.

முடிந்ததும் கார்டைக் கழற்றிப் பெண்ணின் உம்மா கையில் வைத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

ஆண்கள் பக்கம் என்ன நடந்தது என்பதைப் பிறகு சாச்சாவின் மனைவி சொன்னது. சாச்சா பையைத் திறந்து கேமராவை வெளியே எடுத்துவிட்டாராம். அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த மச்சான்தான், அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்று கூப்பிட்டு, கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார். "வேணாம் காக்கா, அத உள்ள வைங்க. நம்ம கேமரா அப்படியெல்லாம் படுக்காது. பத்து நிமிசம் பொறுக்கச் சொல்லுங்க, தானா எந்திரிச்சிரும்." முந்தின நாள் தண்ணீர் ஊற்றிக் காட்டியதைப் பார்த்த மனுஷன் சாச்சா. நம்பிவிட்டார். மச்சான் கழுத்திலும் அதே கம்பெனிக் கேமரா ஒன்று நன்றாக வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதையும் அவர் கொடுத்தனுப்பவில்லை. கொடுத்தால் என்னுடையது பழுது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மறுநாள் காலை மச்சான் என் வீட்டுக்கு வந்தார். கையில் என் கேமரா. முகமெல்லாம் சிரிப்பு. என் முன்னால் நீட்டி அழுத்தினார். 'டக்' என்றது. "நான் சொன்னேன்ல? ராத்திரியே எந்திரிச்சிருச்சு" என்றார். என் வாழ்க்கையில் யாரையும் அடிக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன்.

அதற்குப் பிறகு கீழக்கரையில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை. ஏற்கெனவே பேசிவைத்திருந்த வீடுகளிலிருந்து போன் வந்தது. "மாமியாளுக்கு ஒடம்பு சொகமில்ல, சுருக்கமா வீட்டோட முடிச்சுக்கிறோம்" என்பார்கள். பிறகு பார்த்தால் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருப்பார்கள். பெண்கள் பக்கத்துக்கு மதுரையிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்துபோவதாகக் கேள்விப்பட்டேன். நான் இப்போது பாரதி நகர் பக்கம் ஒரு கடையில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கிறேன். 'நாடியைத் தூக்குங்க, சிரிக்காதீங்க' என்று நாள் முழுக்கச் சொல்கிறேன்.

சில வருஷம் கழித்து, போன மாசம், அதே பெண்ணின் உம்மாவிடமிருந்து போன் வந்தது. இளைய மகளுக்குக் கல்யாணம். "நீதான் எடுக்கணும்னு எனக்கு ஆசை. ஒன் மேல தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா எங்க வீட்டுக்காரரு தம்மாமை முடிச்சுட்டு வந்துட்டாரு. ஒனக்கு வேலை தெரியாமத்தான் படம் போச்சுன்னு நெனைக்கிறாரு. எங்க கொழுந்தன் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு, தம்பி ஒனக்குப் பரிஞ்சு பேசுறதா நெனைக்கிறாரு. ஒன் மச்சான் ஒருக்கா வந்து, கேமரா வேணாம்னு நான்தான் தடுத்தேன்னு சொல்லட்டும். அது போதும்" என்றது. நான் அழுதுவிட்டேன். அந்த ஒரு வீடு திறந்தால் மற்ற வீடுகளும் திறக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அன்றே மச்சானிடம் போனேன். ஸ்டுடியோ பாதியாகச் சுருங்கியிருந்தது. மற்ற பாதியில் செல்போன் கவர் விற்கிறார்கள். சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"தடுத்தேன்னு எப்படிப் புள்ள சொல்றது? அப்படிச் சொன்னா கேமரா பழுதுன்னு ஆயிருமே. மறுநாளு நல்லாத்தான வேலை செஞ்சுச்சு?"

"மச்சான், எனக்காக ஒரு வார்த்தை. கேமராவப் பத்திக்கூட ஒண்ணும் சொல்ல வேணாம். பொறுக்கச் சொன்னது நீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்னு நான் சொல்லல. பாப்போம். நிக்காஹுக்கு இன்னும் நாள் இருக்குல்ல."

நான் தினம் காலையில் ராத்தாவுக்குப் போன் செய்து, கிளம்பினாரா என்று கேட்டேன். இன்றைக்கு ஒரு வேலை, நாளைக்குப் போகிறாராம் என்பாள். ஒருநாள் நானே, "நீயும் அவரு மாதிரியே பேசக் கத்துக்கிட்ட" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ராத்தாவும் போனை எடுக்கவில்லை. அவர் கடைசிவரை போகவில்லை.

கல்யாணத்துக்கு என்னை விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். போனேன். பெண்ணின் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பந்தியில் உட்காரவைத்தது. மதுரைப் பிள்ளைகள் இரண்டும் சத்தமே இல்லாமல் சுற்றிச் சுற்றி எடுத்தன. நல்ல பிள்ளைகள். ஒருத்தி என்னிடம் வந்து, "கொஞ்சம் தள்ளிக்கங்க ஆன்ட்டி, பிரேம்ல வாரீங்க" என்றாள். தள்ளிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மச்சானிடமிருந்து போன். அவராகக் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார், கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

"கல்யாணம் நல்லா நடந்துச்சா?"

"நடந்துச்சு மச்சான்."

"அந்தப் புள்ளைக எந்தக் கம்பெனி கேமரா வச்சிருந்துச்சுக?"

சொன்னேன்.

"அதுவா?" என்று இழுத்தார். பிறகு, எனக்குப் பாவம் பார்ப்பது போல, "அதுல கருகமணியோட கருப்பு சரியா வராதே புள்ள" என்றார்.

"அதுலயாவது கருகமணி வந்துச்சு மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.